தேயிலை மலைக்கு நல்ல மாதம் என்று ஒன்று இல்லை

மலேசியாவின் கேமரன் மலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போகலாம். அக்டோபர், நவம்பர் கூடவே கூடாது. குளிர் வேண்டுமானால் டிசம்பர். பயண முகவர்கள் இதைச் சொல்கிறார்கள், வழிகாட்டி நூல்கள் அச்சிடுகின்றன. கிள்ளானிலும் ஈப்போவிலும் "அண்ணே, எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?" என்று தம்பி கேட்டால் அண்ணனும் இதையே ஒப்பிக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களின் கையிலும் இதே பட்டியல்தான். இந்தப் பட்டியல் தவறு. அந்த மலையில் ரிங்லெட் வழியாகப் பிரிஞ்சாங் தாண்டிப் போகும் ஒரே பெருஞ்சாலையை நம்பி வாழும் மக்களுக்குத் தீங்கு செய்கிற தவறு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைக்கிறேன். பயிரை மையமாகக் கொண்ட எந்த ஊருக்கும் ஒரு பருவம் உண்டு என்கிறார்கள். திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறவர் அறுவடைக் காலம் பார்த்துத்தானே போகிறார்? மழை குறைந்த மாதத்தில் காட்சி தெளிவாக இருக்கும். மழை மிகுந்த மாதத்தில் மண் சரியும், வெள்ளம் வரும், உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை விட்டால் குடும்பத்தோடு போக வேறு வழியும் இல்லை. இவற்றில் எதுவும் அற்பமான வாதம் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் தவறான இடத்தில் போய் முடிகிறது.

1. திராட்சையின் நாள்காட்டியைத் தேயிலைக்கு மாட்டியது யார்? பிரான்சின் போர்தோவில் திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். ஆஸ்திரேலியாவின் பரோசாவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. நம் பக்கத்தில் நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை. அங்கெல்லாம் கொடி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கிறது. ஒயின் பிழியும் வேலையும் அந்தச் சில வாரங்களில்தான் நடக்கிறது. அந்த வாரங்களைத் தவறவிட்டவர் இலையையும் பீப்பாயையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கே பருவம் பார்ப்பது முழு நியாயம்.

அந்த நியாயம் குளிர்காலம் உள்ள நாடுகளில் பிறந்தது. வெப்ப மண்டலத்துக்கு வந்தால் திராட்சைக்கே அது பொருந்துவதில்லை. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, ஒவ்வொரு தோட்டத்திலும் கவ்வாத்துச் செய்யும் நாள் மாறி மாறி வருவதால், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் பழுத்துத் தொங்குகிறது. திராட்சைக்கே பருவம் தவறும்போது தேயிலைக்கு எங்கிருந்து வந்தது?

தேயிலைச் செடி உறங்குவதற்குக் காரணம் உண்டு. பகல் பொழுது பதினொன்றேகால் மணி நேரத்துக்கும் கீழே போய்ப் பல வாரம் அப்படியே நீடித்தால் அது துளிர்ப்பதை நிறுத்துகிறது. டார்ஜிலிங்கும் அசாமும் வடக்கே 27 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் அங்கே குளிர்காலத்தில் செடி ஓய்வெடுக்கிறது. மார்ச்சில் வரும் முதல் கொழுந்துக்கு அதனால்தான் தனி மணம், தனி விலை. ரிங்லெட் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து நாலரை டிகிரியில். ஆண்டின் மிகக் குறுகிய பகலும் இங்கே பன்னிரண்டு மணி நேரத்தைவிடச் சில நிமிடங்களே குறைவு. செடிக்கு உறக்கம் என்பதே இல்லை. உறங்காத செடிக்கு விழிக்கும் மாதம் ஏது?

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய 'போ' நிறுவனத்தின் தோட்டங்கள் இன்று ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தேயிலை தருகின்றன. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அப்படியானால் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு கோடி கிலோ கொழுந்து. பறித்த கொழுந்தை இருப்பு வைக்க முடியாது; அன்றைக்கே வாட்டலுக்குப் போயாக வேண்டும், மறுநாளைக்குள் உருட்டி, புளிக்கவைத்து, சூடேற்றி உலர்த்தியாக வேண்டும். இத்தனை கொழுந்தும் இரண்டு மூன்று மாதத்தில் வந்து குவிந்தால் எந்த ஆலையும் தாங்காது. மாதம் தவறாமல் வருவதால்தான் ஆலை ஓடுகிறது.

இலங்கையை எடுத்துக்காட்டி மறுப்பவர்கள் இருப்பார்கள். அங்கும் செடி உறங்குவதில்லை, ஆனாலும் ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர், டிம்புள்ளவுக்கு ஜனவரி முதல் மார்ச் என்று தரமான பருவம் உண்டே என்பார்கள். உண்மைதான். மலையின் ஒரு பக்கம் பருவமழை கொட்டும்போது மறுபக்கத்தில் வீசும் வறண்ட காற்று கொழுந்தின் வளர்ச்சியை மெதுவாக்கி மணத்தைக் கூட்டுகிறது. அந்தத் தேயிலை அந்தப் பருவத்துக்கென்றே ஏலத்தில் விலை பெறுகிறது. கேமரன் மலைத் தேயிலையின் கதை வேறு. அது பெரும்பாலும் உள்நாட்டுக் கடைகளுக்கு, ஆண்டு முழுவதும் ஒரே சுவை வரும்படி கலந்து போகிறது. தோட்டத்துத் தேநீர்க் கடையில் நீங்கள் பிப்ரவரியில் குடிப்பதும் நவம்பரில் குடிப்பதும் ஒரே கலவைதான்.

2. மாதம் பச்சையைத் தீர்மானிப்பதில்லை என்றால் எது தீர்மானிக்கிறது? பறிப்புச் சுற்று. ஒரு சரிவில் பறித்தால் மறுபடி அதே சரிவுக்கு வர ஏறக்குறைய மூன்று வாரம். பறிப்பதற்கு முந்தைய நாள்களில் இளம் துளிர் மேலே விரிந்து சரிவு முழுவதும் வெளிர்பச்சையாக ஒளிரும். பறித்த மறுநாள் அதே சரிவு முற்றிய இலையின் கரும்பச்சையோடு நிற்கும். பக்கத்துச் சரிவில் கவ்வாத்து நடந்திருந்தால் இலையே இல்லாத பழுப்புக் குச்சிகள்தான் கண்ணில் படும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு செடிக்கும் அது நடந்தாக வேண்டும். 'நல்ல மாதம்' என்று நம்பி வந்து குச்சிக் காட்டைப் பார்த்து ஏமாறுகிறவரும் உண்டு, 'கெட்ட மாதத்தில்' வந்து ஒளிரும் சரிவைப் பார்த்தவரும் உண்டு. ஒரே தோட்டத்தில், ஒரே நாளில், அரை மைல் இடைவெளியில் இந்த மூன்று கோலங்களும் நிற்கின்றன. நாள்காட்டியில் எந்தப் பக்கத்தைப் புரட்டினால் இது தெரியும்?

3. மழைக் கணக்கையாவது சரியாகப் படித்தார்களா? இல்லை. இந்த மலையிலுள்ள தானா ராத்தாவில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதற்கு இரண்டு உச்சங்கள்: ஒன்று அக்டோபர், நவம்பரில், மற்றொன்று ஏப்ரல், மே மாதங்களில். பட்டியலில் 'நல்ல மாதம்' என்று நிற்கும் ஏப்ரலே ஒரு மழை உச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டின் வறண்ட காலமாகிய பிப்ரவரியிலும் 100 மில்லிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. சென்னையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதமும் சேர்ந்து பெய்வதைவிட அது அதிகம். வறண்ட பருவம் என்று தமிழ்நாட்டுக்காரர் நினைக்கும் பொருளில் இந்த மலைக்கு வறண்ட பருவமே கிடையாது.

இந்தக் குழப்பத்தின் வேரும் தெரிகிறது. கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. பகாங்கின் கிழக்குக் கடற்கரையை நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை அடிக்கிறது. தியோமான் தீவின் விடுதிகள் பல அப்போது மூடப்படுகின்றன. கடற்கரைக்குச் சொன்ன எச்சரிக்கையை, அதே மாநிலத்தின் மேற்கு எல்லையில் தித்திவாங்சா மலைத்தொடரின் மேல் இருக்கும் ஊருக்கும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். இந்த மலையின் மழை பெரும்பாலும் வேறு வகை. காலையில் வெயில் ஏறுகிறது, ஈரக்காற்று சரிவில் மேலெழுகிறது, பிற்பகலில் இடியோடு கொட்டுகிறது. காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் உள்ள வேறுபாடு இங்கே பிப்ரவரிக்கும் நவம்பருக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. மாதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் அடிவாரத்திலிருந்து கிளம்புகிறவர், தன் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கையில் இல்லாததைப் பிடிக்கப் போகிறார்.

மழை குறைந்தால் காட்சி தெளியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை குறைந்த காலத்தில்தான் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை தீபகற்பத்தை மூடுகிறது. 1997, 2015, 2019 ஆண்டுகளின் புகைமூட்டம் மலேசியர் எவருக்கும் நினைவிருக்கும். அப்போது பள்ளிகளையே மூட நேர்ந்தது. இன்னொரு முரண்பாடு: அதே பட்டியல் பிரிஞ்சாங் மலையுச்சியின் பாசிக்காட்டைப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் காடு மேகத்தைக் குடித்து வாழ்கிறது. மேகமில்லாத நாளில் பாசிக்காட்டைப் பார்க்கப் போவதில் என்ன பொருள்?

4. டிசம்பர்க் குளிர் என்பது வெறும் நம்பிக்கை. இந்த மலையின் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 17, 18 டிகிரிப் பக்கத்திலேயே நிற்கிறது. மாதத்துக்கு மாதம் ஓரிரு டிகிரிதான் ஏறி இறங்குகிறது. மலேசியாவின் மிகக் குறைந்த வெப்பநிலை என்று பதிவானது 7.8 டிகிரி, கேமரன் மலையில், 1978 பிப்ரவரி 1 அன்று. மேகமில்லாத இரவுதான் நடுங்க வைக்கிறது, டிசம்பர் அல்ல. உண்மையில் குளிர் வேண்டுகிறவர் மாதத்தை மாற்ற வேண்டாம், உயரத்தை மாற்றட்டும். தாப்பாவிலிருந்து ஏறி வருகிறவருக்கு ரிங்லெட் முதல் ஊர். மூன்று பெரிய ஊர்களில் அதுவே தாழ்வானது. தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர். பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டருக்கு மேல். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும். ரிங்லெட்டிலிருந்து அந்த உச்சிக்குப் போனால், எந்த இரண்டு மாதங்களுக்கும் இடையில் கிடைக்காத குளிர் வேறுபாடு ஒரே காலையில் கிடைத்துவிடும்.

5. ஆபத்து பற்றிய வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது. அதனால் அதற்கு நீண்ட பதில் தர வேண்டும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கனமழைக்குப் பின் ரிங்லெட்டின் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் சேறும் வெள்ளமும் புகுந்தன. உயிர்கள் போயின. வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அக்டோபர் என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வட்டாரத்தார் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அச்சத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை.

ஆனால் 1961-இல் ரிங்லெட்டில் பதினாறு பேரைப் பலிகொண்ட நிலச்சரிவு நிகழ்ந்தது மே மாதத்தில். 2024-இல் கம்போங் ராஜா பக்கம் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார்த் தொழிலாளர்கள் ஐவர் புதைந்து இறந்தது ஜனவரி 26 அன்று. போகக் கூடாது என்று பட்டியல் சொல்லாத மாதம் அது. மே, அக்டோபர், ஜனவரி. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் பாதுகாப்பான மாதம் எது என்று யாராவது சொல்லட்டும்.

மழை மட்டும் மலையைச் சரிப்பதில்லை. 1963-இல் கட்டி முடித்த அந்த அணையின் நீர்த்தேக்கம் ஆண்டுக்கு ஆண்டு வண்டலால் நிரம்பி வருகிறது. மேலே காட்டை அழித்து, சரிவை வெட்டி, நெகிழிக் கூடாரம் போட்டுக் காய்கறி பயிரிடும் நிலங்களிலிருந்து மண்ணும் குப்பையும் ஆற்றில் இறங்குகின்றன. தேக்கத்தில் இடம் குறைந்தால் நீரை முன்பைவிட விரைவாகத் திறக்க வேண்டிவரும். தேயிலைச் செடி வேரூன்றிய பழைய சரிவும் நேற்று வெட்டிய சரிவும் ஒரே மழையை ஒரே மாதிரி தாங்குவதில்லை. 'நவம்பர் ஆபத்தான மாதம்' என்று சொல்லும்போது குற்றம் வானத்தின் மேல் போகிறது, மலையை வெட்டியவர்கள் தப்பிவிடுகிறார்கள். இதுவே இந்தப் பட்டியல் செய்யும் மிகப் பெரிய கெடுதல் என்று கருதுகிறேன். பயணிக்குத் தேவை மாதத்தின் பெயர் அல்ல. மலேசிய வானிலை ஆய்வுத் துறை கனமழை எச்சரிக்கை விட்டிருக்கிறதா, சாலை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்ப்பது. எச்சரிக்கை இருந்தால் பிப்ரவரியிலும் போகாதீர்கள்.

6. நல்ல மாதம் என்ற நம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார்? அங்கே வாழ்கிறவர்கள். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களைக் கோத்துப் போகும் பெருஞ்சாலை ஒன்றுதான். தோட்டத்துக்குள் பிரியும் வழிகளில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரே வாசல் உள்ள மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு எல்லா ஊர்க் கல்யாணத்தையும் வைத்தது போல, நீண்ட வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் தீபகற்பமே அந்தச் சாலையில் போய் நிற்கிறது. மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. ரிங்லெட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அவர்கள் போக வேண்டியதும் சுற்றுலாப் பயணிகள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் அதே சாலைதான். இதை வசதிக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது.

7. விடுமுறைக்கு வந்தால்தான் எல்லாம் பார்க்கலாம் என்கிறார்களே, எதைப் பார்க்கிறார்கள்? ஞாயிறும் பொது விடுமுறையும் தொழிலாளருக்கும் விடுமுறை. கொழுந்து பறிப்பதைப் பார்க்க வந்தவர் ஆளில்லாத நிரைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். வேலைநாள் காலையில் வந்தால் இரண்டு பேர் எதிரெதிரே பிடித்துச் செடியின் தலைமேல் ஓட்டிப் போகும் வெட்டு இயந்திரத்தைப் பார்க்கலாம்; இயந்திரம் ஏற முடியாத செங்குத்தில் கத்தரியால் வெட்டுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்கள் இன்று பெரும்பாலும் வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர். இந்தச் சரிவுகளைத் திருத்திச் செடி நட்டவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். கங்காணியும் லயமும் இருந்த காலம் அது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கடையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் வேலை செய்கிறார்கள், ரிங்லெட்டிலும் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் நடக்கின்றன. பச்சைச் சரிவைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் தமிழருக்கு இந்த உழைப்பைப் பார்க்கும் கடமை மற்றவரைவிடக் கூடுதலாகவே உண்டு. அந்த உழைப்பு விடுமுறை நாளில் கண்ணுக்குத் தெரியாது.

பிள்ளைகளின் பள்ளி நாள் என்ன ஆவது என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. விடுமுறையின் முதல் சனி, ஞாயிறை விட்டுவிட்டு நடுவாரத்தில் போகலாம். மூத்தோரை அழைத்துப் போகிறவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் அந்தச் சிக்கலே இல்லை; அவர்களும் பழக்கத்தால் கூட்டத்தோடு ஏறுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து மே மாதக் கோடை விடுமுறையில்தான் வர முடிகிற குடும்பங்கள், 'மே மழை மாதம்' என்று பயந்து திட்டத்தையே கைவிடுகின்றன. அவர்கள் கைவிட வேண்டியதில்லை. விடியற்காலையில் எழுந்தால் போதும்.

பயண முகவர்களுக்கும் வழிகாட்டி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'செல்ல ஏற்ற மாதங்கள்' என்ற கட்டத்தைக் கேமரன் மலைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கிழமையையும் நேரத்தையும் போடுங்கள், வானிலை எச்சரிக்கையை எங்கே பார்ப்பது என்று போடுங்கள், சரிவுகளை யார் எதற்காக வெட்டுகிறார்கள் என்றும் இரண்டு வரி எழுதுங்கள்.

போகிறவர்களுக்கு: முந்தின நாளே ஏறி ரிங்லெட்டில் தங்குங்கள். போ தோட்டத்தின் ஆலை வழக்கமாகத் திங்கட்கிழமை பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போ தோட்டம் இருக்கும் ஹாபுப் பக்கம் போங்கள். எந்தச் சரிவில் இன்று பறிக்கிறார்கள் என்று அங்கே கேளுங்கள். எந்த மாதம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம்.